தலையில்லாத ராசா

கருவேலங்குடி,
20-2-72

அன்புள்ள அத்தானுக்கு,

அம்சம் எழுதுவது. நானும் குழந்தை காத்தாயியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். சாமி இல்லை என்று நீங்கள் மேடையில் பேசுகிறவர், அதனால் உங்களுக்குத் தெரியாமல் சொல்லிவைத்திருக்கிறேன்.

போன இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. கோபித்துக்கொண்டு பொங்கலுக்கு எழுதாமல் இருந்தேன். கோபமாக இருக்கிறேன் என்று எழுதினால்தானே உங்களுக்குத் தெரியும், அதனால் அந்தக் கோபமும் வீணாய்ப் போயிற்று. தபால்காரர் ஒன்று சொல்கிறார். ஆள் இல்லாத விலாசத்துக்குப் போன கடிதம் முத்திரை குத்தித் திரும்பி வந்துவிடுமாம், வெளிநாடானாலும். நான் பினாங்குக்கு எழுதிய எதுவும் இந்த மூன்று வருடத்தில் திரும்பி வரவில்லை. ஆக, யூனுஸ் அண்ணன் கடையில் யாரோ அவற்றை வாங்கிக்கொள்கிறார்கள். அது நீங்கள்தான். பேனா பிடிக்கச் சோம்பல், வேறென்ன.

ஊர்ச் செய்தியைக் கேளுங்கள். குடியிருப்பு மனைச் சட்டப்படி நம் தெருவில் எல்லோருக்கும் பட்டா வந்துவிட்டது. நம் மனைக்கு உங்கள் பெயரைத்தான் போடச் சொன்னேன். ஆள் ஊரில் இல்லையே என்றார் அதிகாரி. பினாங்கில் இருக்கிறார் என்றேன், எழுதிக்கொண்டார். இனிமேல் துரைராசுப் பண்ணை நினைத்த நேரத்தில் வந்து மனையைக் காலி பண்ணு என்று சொல்ல முடியாது. இந்த ஒன்றுக்காகத்தானே தொண்டை கிழியக் கத்தினீர்கள். வந்த நேரத்தில் நீங்கள் இல்லை.

பட்டா வந்தாலும் பள்ளம் பள்ளம்தானே. கார்த்திகை மழைக்கு அடுப்புக்குள் தண்ணீர். மண் கொட்டித் தெருவை மேடாக்குவது என்று சங்கத்தில் ரெத்தினம் அண்ணன் தீர்மானம் போட்டார். மண்ணைப் பனந்திடலில் வெட்டுவது என்று முடிவு. அது பண்ணையின் சொந்தம் என்றுதான் நாமெல்லாம் நினைத்திருந்தோம். அளந்து பார்த்தால் புறம்போக்கு. பண்ணை என்ன செய்தார் தெரியுமா, ஆற்று மணலைத் தன் வண்டியிலேயே கொண்டுவந்து கொட்டித் தருகிறேன், திடலைத் தொட வேண்டாம் என்றார். நம் தெருவுக்கு ஒரு கூடை எருகூடத் தராத மனிதர். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று ரெத்தினம் அண்ணன் மறுநாளே மண்வெட்டியை எடுக்கச் சொல்லிவிட்டார்.

அந்தத் திடலைப் பற்றி நான் இதுவரை உங்களுக்கு எழுதியதில்லை. நீங்கள் போன பிறகு அங்கே மாடு மேய்வதில்லை. யாரும் தடுக்கவில்லை, மாடுகள்தான் போவதில்லை. வாய்க்கால் வரைக்கும் வரும், நிற்கும், திரும்பிவிடும். சித்திரையில் ஊரே காய்ந்து கிடக்கும்போது திடலின் மேற்கு மூலையில் மட்டும் புல் பச்சையாக முழங்கால் உயரத்துக்கு நிற்கும். நடவுக்குப் போகும் பெண்கள் அந்த இடம் வந்ததும் பாட்டை நிறுத்திவிடுவார்கள். பேச எழுந்த ஆள் தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம் கேட்கிறது என்பாள் அடுத்த வீட்டு ராமாயி. கூட்டத்தில் பேச எழுந்தால் நீங்கள் இரண்டு தரம் செருமுவீர்களே, அதை வைத்து என்னைச் சீண்டுகிறாள் என்று நான் அவளைத் திட்டுவேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பால்வாடியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். உங்களுக்குத்தான் தெரியுமே, பிள்ளைகள் சாப்பிடும்போது காக்கைக் கூட்டம் தோற்கும். அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். எல்லோரும் மேற்குச் சுவரைப் பார்த்தார்கள். அந்தச் சுவரில் ஜன்னல் கிடையாது. அதற்கு அப்பால் திடல். மற்றப் பிள்ளைகள் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்க, நம் காத்தாயி மட்டும் யாரையோ பார்த்ததுபோல் சிரித்தாள். வாசலில் யாரோ செருமினார்கள். எட்டிப் பார்த்தேன், வெயில்தான் இருந்தது. பிறகு ராமாயி மண்ணும் கையுமாக ஓடி வந்தாள்.

மேற்கு மூலையில் மண் எடுத்தபோது எலும்புகள் கிடைத்திருக்கின்றன. முழு ஆள். ஆழமும் அதிகமில்லை, ஒரு ஆள் இடுப்பளவுகூட இல்லை. இடுப்பு எலும்பை ஒட்டி ஒரு செப்புக்காசு, அதில் துளை. கர்ணம் வந்து காசைத் துணியில் முடிந்துகொண்டு போய்விட்டார். நான் பார்க்கவில்லை. ராமாயி கையைப் பிடித்து இழுத்தாள், நான் கஞ்சி அகப்பையை விடவில்லை.

துளைபோட்ட காசு நம் ஊரில் யார் இடுப்பில்தான் இல்லை. உழும்போது பழங்காசு அகப்பட்டால், பிள்ளை தங்கட்டும் என்று துளைபோட்டு அரைஞாணில் கட்டுகிற ஊர் இது. உங்களுக்கும் உங்கள் அம்மா கட்டினார்கள். அதனால் அது யாருடையதாகவும் இருக்கலாம். பண்ணை அது சோழ ராசா காலத்துச் சுடுகாடு என்கிறார். பழங்காசு பார்த்து வயது சொல்லும் அதிகாரி ஒருவரை மெட்ராசிலிருந்து வரவழைக்கத் தாசில்தாரிடம் சொல்லியிருக்கிறாராம். ஊர் மேல் அவருக்கு இவ்வளவு அக்கறை.

நீங்கள் ஊரைவிட்டுப் போன அன்றைக்கு அறுவடைக் கூலி பேசப் பண்ணை வீட்டுக்குப் போனீர்கள். தகராறு முற்றினால் யூனுஸ் கடைக்குக் கப்பலேறிவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனீர்கள். நீங்கள் நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறிவிட்டதாக மறுநாள் பண்ணையின் காரியக்காரர் ஐயாவு வந்து சொன்னார். உங்களைப்போல் ஒருவரைத் துறைமுகத்தில் பார்த்ததாக வேறு இரண்டு பேரும் சொன்னார்கள். நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் முதல் காரியமாக இடுப்பைத் தொட்டுப் பாருங்கள். காசு இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். அதற்கும் சோம்பல் என்றால், காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அனுப்புங்கள். உங்கள் காசா என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
அம்சம்


கருவேலங்குடி,
19-3-72

அன்புள்ள அத்தானுக்கு,

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது, அதுவும் நல்ல செய்தி. குழந்தைக்கு இரண்டு நாள் சளி இருந்தது, சரியாகிவிட்டது. ஆடு குட்டி போட்டிருக்கிறது. இனி காசு விஷயத்துக்கு வருகிறேன்.

மெட்ராசிலிருந்து அதிகாரி வந்தார். குஞ்சிதபாதம் என்று பெயர். ஒல்லியான மனிதர், வெயிலோ நிழலோ குடையை மடக்குவதில்லை, தனக்குத்தானே பேசிக்கொள்கிறார். அவர் வருவதற்குள் ஐயாவு அந்தக் காசைப் புளி போட்டுக் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் தேய்த்து வைத்திருந்தார். அதிகாரி அதைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் மேசை போட்டு, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊரே சுற்றி நின்றது. நான் கடைசியில், ராமாயிக்குப் பின்னால் நின்றேன். எனக்குக் காசு தெரியவில்லை. தெரிய வேண்டாம் என்றுதான் அங்கே நின்றேன்.

ஒரு பக்கம் ஒரு ஆள் நிற்கிறான், மறுபக்கம் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான், உட்கார்ந்தவன் கைக்குக் கீழே வடநாட்டு எழுத்தில் ராஜராஜன் பெயர் என்று சொன்னார். எல்லோரும் கைதட்டப் போனார்கள். பொறுங்கள் என்றார். இதே மாதிரிக் காசைப் பிற்காலத்தில் இலங்கை ராசாக்களும் பார்த்து அடித்திருக்கிறார்களாம், எழுத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டுமாம். தான் கொண்டுவந்த காசுகளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். வெயில் மரத்தைத் தாண்டிப் போன பிறகு, இது ராஜராஜன் அடித்ததேதான், ஆயிரம் வருடத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு என்று சொல்லி எழுந்தார்.

தாசில்தார் உடனே எலும்பும் சோழர் காலம் என்று எழுதிக்கொண்டார். பண்ணை கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வைத்து, நம் தெருவுக்கும் கொடுத்துவிட்டார். நான் வாங்கி இரண்டு வாய் அள்ளித் தின்றேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, சாப்பிட்டுக்கொண்டே அழுதேன். சந்தோஷம்தான்.

அந்த அதிகாரிக்கு மட்டும் திருப்தியில்லை. காசில் உட்கார்ந்த ஆள் இருக்கிற பக்கம் எழுத்து அரைகுறையாய் மிஞ்சும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது, நிற்கிற பக்கம் தேயவில்லை என்றார். மண்ணிலேயே கிடந்த காசு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் கெடுமாம். இது ஒரு பக்கம் மட்டும் யாரோ ஒருவர் உடம்பில் வருடக்கணக்காக உரசியிருக்கிறது என்றார். "காசுக்கு நான் வயசு சொல்லிட்டேன். அதைக் கட்டியிருந்த ஆளுக்கு இன்னும் சொல்லலை" என்றார். தாசில்தாருக்கு முகம் மாறிவிட்டது. அதிகாரியோ, எலும்பின் வயதை டாக்டர் பார்க்க வேண்டும், டாக்டர் பார்க்கப் போலீஸ் எழுத வேண்டும், போலீஸ் எழுத யாராவது புகார் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, உங்கள் ஊரில் காணாமல் போனவர்கள் உண்டா என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். தெருவே தரையைப் பார்த்தது. ராமாயி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் காத்தாயிக்குச் சடையை அவிழ்த்துப் பின்னினேன்.

நல்ல செய்தி இனிமேல்தான். யூனுஸ் அண்ணன் கப்பலில் வந்திருக்கிறார். கேள்விப்பட்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். அவர் சம்சாரம் லத்தீஃபா எனக்குத் தேத்தண்ணியும் குழந்தைக்கு முறுக்கும் கொடுத்தார்கள். யூனுஸ் அண்ணன் உங்களைத் தன் கண்ணால் பார்த்ததில்லை என்றார். நான் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன். பிறகுதான் சொன்னார். கடைக்குப் பெரும்பாலும் அவர் போவதில்லையாம். கடையைப் பார்த்துக்கொள்ளும் அஹமது கபீர்தான் கடிதங்களைக் கொடுக்கிறாராம். ஒரு ஆள் வந்து வாங்கிக்கொண்டு போகிறாராம், மூன்று வருடமாக.

நான் எழுந்து யூனுஸ் அண்ணனைக் கும்பிட்டுவிட்டேன். லத்தீஃபா என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

கபீர் சொன்னதையெல்லாம் யூனுஸ் அண்ணன் சொன்னார். நான் துருவித் துருவிக் கேட்டதால்தான் சொன்னார். கடிதம் வந்து சேர்கிற அன்றைக்கே பிற்பகலில் அந்த ஆள் வந்துவிடுவாராம், யாரும் சொல்லியனுப்ப மாட்டார்களாம். கடைக்குள் ஏற மாட்டார். வாசலில் நின்று இரண்டு தரம் செருமுவார். மருதையனா என்று கேட்டால் தலையை ஆட்டிக் கையை நீட்டுவார். கையில் சேறு ஈரமாக இருக்குமாம், நகத்துக்குள்ளெல்லாம் களிமண். அந்தக் கடைத்தெருவில் சேறு கிடையாது, எங்கிருந்து வருகிறார் என்று கபீருக்குத் தெரியவில்லையாம். முகம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அதைத்தான் கபீரால் சொல்ல முடியவில்லையாம். ஆள் போன மறுநிமிஷமே முகம் மறந்துவிடுகிறதாம். யூனுஸ் அண்ணன் இதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. "போதும், புள்ளய வச்சிக்கிட்டு இருக்காங்க, சும்மா இருங்க" என்று லத்தீஃபா அதட்டிவிட்டார்கள்.

எனக்கென்ன பயம். செருமுவது நீங்கள்தான். இரண்டு தரம் செருமிவிட்டுப் பேசாமல் நிற்பதுதான் உங்கள் வழக்கம் இல்லை. அங்கே வாயைக் கட்டிப்போட்டுவிட்டார்களா. பினாங்கில் ரப்பர்த் தோட்டம்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன், நெல் வயலும் இருக்கும்போல் தெரிகிறது. இங்கே சேற்றில் நின்றது போதாதென்று அங்கேயும் சேறா. கடிதம் வாங்கப் போகும்போது கையைக் கழுவிக்கொண்டு போங்கள். அடுத்தவர் கடை.

திரும்பி வருகிற பஸ்ஸில் காத்தாயி என் மடியில் தூங்கிவிட்டாள். வழியெல்லாம் சந்தோஷமாகத்தான் வந்தேன். ஊர் எல்லையில் இறங்கித் திடலைத் தாண்டும்போது, வெட்டிப்போட்ட மேற்கு மூலைப் பள்ளத்தில் தண்ணீர் ஊறியிருந்தது. மழையில்லை, வாய்க்காலிலும் முறைத் தண்ணீர் நின்றுவிட்டது. பள்ளத்தின் ஓரத்தில் ஈரக் களிமண்ணில் கைவிரல்கள் பதிந்திருந்தன. மண் வெட்டியவர்கள் கையாகத்தான் இருக்கும். நான் வேகமாக நடந்து வந்துவிட்டேன்.

உங்கள் கையெழுத்தில் ஒன்று வேண்டும் அத்தான். கபீர் பார்த்தார், யூனுஸ் சொன்னார் என்பதெல்லாம் எனக்குப் போதவில்லை.

அன்புடன்,
அம்சம்


கருவேலங்குடி,
9-4-72

என் அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதீர்கள். எங்காவது உட்கார்ந்து படியுங்கள். காத்தாயி நன்றாக இருக்கிறாள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன திங்கட்கிழமை மத்தியானம் பால்வாடி வாசலுக்கு ஐயாவு வந்தார். நம் தெருப் பெண்களை அவர் எப்படிக் கூப்பிடுவார் என்று உங்களுக்குத் தெரியும். என் பெயரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு என்னைப் பார்த்ததும், "வாங்க அம்சம், ஒரு சேதி சொல்லணும்" என்றார். நான் யாரையோ கூப்பிடுகிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நம் வீட்டுக்குச் செங்கல் இறக்கித் தரப் பண்ணை சொல்லியிருக்கிறாராம். எலும்புப் பெட்டி மெட்ராசுக்குப் போய்விடுமாம். "மருதையன் அங்க சௌக்கியமா இருக்கார்ல, அது போதும். நீங்க மனசைக் குழப்பிக்காதீங்க" என்றார்.

இருக்கார் என்றார் அத்தான். உங்களைத்தான். அந்த வாயிலிருந்து நமக்கு எத்தனை தலைமுறையாக வராத வார்த்தை. அவர் அடித்திருந்தால் பயந்திருக்க மாட்டேன், வைதிருந்தால் திருப்பி வைதிருப்பேன். அந்த மரியாதையைப் பார்த்ததும்தான் பயம் வந்தது. நீங்கள் உயிரோடு இருந்தவரைக்கும் இந்த மரியாதையை அவர் கொடுத்ததில்லையே.

என்ன எழுதிவிட்டேன் பாருங்கள். கோடு போட்டு அடிக்கப் போவதில்லை. கை எழுதிவிட்டது, இருக்கட்டும்.

அன்று முழுக்க அந்தச் செருமல் என்னைவிட்டுப் போகவில்லை. பால்வாடியைப் பெருக்கும்போது வாசலில், தண்ணீர் எடுக்கும்போது குழாயடியில், சாயங்காலம் அரிசி களையும்போது கூரைக்குப் பக்கத்தில். பேச எழுந்த ஆளை யாரோ பேசவிடாமல் வைத்திருப்பதுபோல் இருந்தது. சொல்லுங்க, சொல்லுங்க என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். காத்தாயி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் ரெத்தினம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். குஞ்சிதபாதம் ஐயா அங்கேதான் இருந்தார். எலும்புகளை வைக்கோல் போட்டு ஒரு மரப்பெட்டியில் அடுக்கியிருந்தார். பெட்டி மேல் ஒட்டுவதற்குச் சீட்டு எழுதியிருந்தார். மனித எலும்பு, சோழர் காலம் என்றிருந்தது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறி நான் போட்டது, மேலே இருப்பவர்கள் எடுத்துவிடுவார்கள் என்றார். வெள்ளிக்கிழமை ரயிலில் பெட்டி போகிறது என்றார்.

அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னால் பொறுக்க முடியவில்லை. நான் பேசாமல் இருந்தால் நீங்கள் பினாங்கில் சேறும் கையுமாக உயிரோடு இருப்பீர்கள். இந்தப் பெட்டிக்குள் இருக்கிறவன் ஆயிரம் வருடத்துக்கு முந்தியவனாகிவிடுவான். ஆயிரம் வருடத்துக்கு அப்பால் போய் நின்றவனை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. யாரிடம் போய், ஏன் கொன்றீர்கள் என்று கேட்பது. பேசினால், என் வாயாலேயே உங்களை நான் சாகடித்தவளாவேன். ரெத்தினம் அண்ணன் வழியெல்லாம், "நீ சொன்னாத்தான் கேசு நிக்கும் அம்சம்" என்று சொல்லிக்கொண்டு வந்தவர், அங்கே வந்ததும் என்னை வற்புறுத்தவில்லை. அவருக்கும் புரிந்திருக்கும்.

காசைக் காட்டாதீர்கள் ஐயா, முதலில் நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பேனாவைத் திறந்தார். அந்தக் காசில் ஒரு துளை இல்லை, இரண்டு. முதலில் விளிம்பை ஒட்டிப் போட்ட துளை பிய்ந்துவிட்டது, அது வாய் திறந்தாற்போல் இருக்கும். அப்புறம் ஊர்க் கொல்லர் கொஞ்சம் உள்ளே தள்ளி இன்னொன்று போட்டார். அது நிற்கிற ராசாவின் தலையில் விழுந்துவிட்டது. அதனால் ராசாவுக்குத் தலை கிடையாது. கல்யாணமான புதிதில் தலையில்லாத ராசாவை இடுப்பில் கட்டியிருக்கிறீர்களே என்று நான் கேலி செய்தேன். ராசா தலையையே எடுத்தாயிற்று, பண்ணை எம்மாத்திரம் என்றீர்கள். அந்தப் பேச்சையும் சொன்னேன். அவர் அதையும் எழுதினார்.

எழுதி முடித்துவிட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து, காசை எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் உள்ளங்கையில் வைத்தார்.

அத்தான், அது வெதுவெதுப்பாக இருந்தது. இருட்டு அறையில் தகரப் பெட்டியில் கிடந்த காசு. இப்போதுதான் ஒரு ஆள் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாற்போல் அந்தச் சூடு. ரெத்தினம் அண்ணன் கையில் கொடுத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது என்றார். திரும்ப வாங்கினேன், எனக்குச் சுட்டது.

தேய்ந்த பக்கத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தேன். எத்தனையோ தரம் தடவிய இடம்தான். நம் மனிதர்கள் யாராவது அடக்கம் செய்திருந்தால் அரைஞாணை அறுத்திருப்பார்கள், காசைக் கொண்டுவந்து பிள்ளை கையில் கொடுத்திருப்பார்கள். அதைக்கூடச் செய்யாமல் மூடியிருக்கிறார்கள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். குஞ்சிதபாதம் ஐயா குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டிமேல் ஒட்ட வைத்திருந்த சீட்டைக் கிழித்துப்போட்டார்.

தாசில்தார் முன்னால் புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இது என் புருஷன் மருதையன் காசு, இவர் வெளிநாடு போகவில்லை என்று. பொய்ச் சாட்சி சொன்னால் ஜெயில் என்று அவர் எச்சரித்தார். தெரியும் என்றேன். பெட்டி மெட்ராசுக்குப் போகவில்லை, தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது. ஐயாவுவைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. பண்ணைக்கு உடம்பு சரியில்லையாம், எந்த ஊரில் வைத்தியம் பார்க்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் என்ன எழுதுவாரோ, கேசு நிற்குமோ நிற்காதோ. ரெத்தினம் அண்ணன் வக்கீலைப் பார்க்கப் போயிருக்கிறார். நேற்று வாசலில் வண்டியிலிருந்து செங்கல்லை இறக்கினார்கள், திருப்பி ஏற்றச் சொல்லிவிட்டேன்.

கையெழுத்துப் போட்ட அன்றிலிருந்து அந்தச் சத்தம் இல்லை. முந்தாநாள் ராமாயியின் மாடு வாய்க்காலைத் தாண்டித் திடலில் ஏறி மேய்ந்தது. ஊரே வந்து பார்த்தது, நல்லதாயிற்று என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று வருடமாகத் திட்டிக்கொண்டே கேட்ட சத்தம். இப்போது பால்வாடியில் பிள்ளைகள் சத்தம் போடும்போதெல்லாம், கொஞ்சம் சும்மா இருங்கள் என்று அதட்டிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பதினாறாம் நாள் என்று ஒன்றை வைத்துத் தாலியை வாங்க வேண்டுமாம். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று கேட்டேன், யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன், பதில் வரட்டும், அதுவரைக்கும் என் கழுத்துக்கு அருகில் யாரும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை உங்களிடம் எப்படிச் சொல்ல.

நான் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். காசை இந்தக் கையால் தொட்டேன். ஆனாலும் உங்களிடம்தான் கேட்கிறேன். நான் சொன்னது பொய்யாக இருக்கட்டும். வந்துவிடுங்கள் அத்தான். தாசில்தார் முன்னால், ஊர் முன்னால், இவள் பொய் சொல்கிறாள், நான் இதோ நிற்கிறேன் என்று என்னைக் காட்டிக்கொடுங்கள். தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போகட்டும், எத்தனை வருடம் போட்டாலும் ஜெயிலில் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டு வருவேன். காத்தாயி உங்களோடு இருப்பாள். அவளுக்குச் சுடுசோறு ஆகாது, ஆறவைத்துக் கொடுங்கள்.

உங்கள் பொய்க்காரி,
அம்சம்